குற்றால அருவியும் தொலைந்த நாலு மணி நேரமும்

கே: என் கணவருக்கு 61 வயது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தவர், தலையைத் துவட்டிக்கொண்டே "நாம எப்ப இங்க வந்தோம்?" என்றார். பதில் சொன்னால், இரண்டு நிமிடத்தில் மறுபடி அதே கேள்வி. எங்களை எல்லாம் நன்றாக அடையாளம் தெரிந்தது. சாயங்காலம் தானாகச் சரியாகிவிட்டது. மறுநாள் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். (வாசகி, ராஜபாளையம்)

ப: திரும்பத் திரும்ப ஒரே கேள்வி என்று படித்ததுமே எனக்கு 'டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா'தான் ஞாபகம் வந்தது. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வருவது. புது நினைவுகளைப் பதிகிற ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி சில மணி நேரம் வேலையை நிறுத்திவிடும். பேச்சு, கைப்பழக்கம், தன் பெயர், பெண்டாட்டி பிள்ளைகள் எதுவும் மறக்காது. நீங்கள் சொன்ன பதில் மட்டும் உள்ளே ஒட்டாது. அதனால்தான் மறுபடி கேட்கிறார்.

குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று நனைவது, பளு தூக்குவது, உடலுறவு, பெரிய மனக்கலக்கம் ஆகியவை இதைத் தூண்டிவிடலாம். 24 மணி நேரத்துக்குள் நீங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு மறுபடி வருவதில்லை. அந்த நாலு மணி நேர நினைவு மட்டும் அவருக்குத் திரும்பாது. போட்டோ காட்டினால் வேறு யாரோ குளித்த மாதிரிதான் பார்ப்பார். ஸ்கேனை நினைத்துக் குழம்ப வேண்டாம். சிடி ஸ்கேனில் இது தெரியாது. எம்ஆர்ஐயிலும் ஓரிரு நாள் கழித்துத்தான் சின்னப் புள்ளியாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

ஒரு வருத்தம் உண்டு. சாயங்காலம் வரை காத்திருந்தீர்களே! பக்கவாதமும் சில சமயம் இப்படித் தொடங்கும், வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க முடியாது. உடனே அவசர சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும்.

கே: அப்பாவுக்கு 66. இந்த வருடம் நாலு தடவை, விடியற்காலை எழுந்ததும் அரை மணி நேரம் எதுவும் மனதில் நிற்கவில்லை. அப்போது வாயைச் சப்புக்கொட்டுகிறார். முந்தைய கேள்வியில் உள்ளதுதானா இதுவும்?

ப: இல்லை. அடிக்கடி வருவது, ஒரு மணி நேரத்துக்குள் முடிவது, தூக்கம் கலையும்போது வருவது, சப்புக்கொட்டுவது எல்லாம் வலிப்பு நோயின் பக்கம்தான் கை காட்டுகின்றன. கை கால் வெட்டினால்தான் வலிப்பு என்று நினைக்காதீர்கள். நரம்பியல் மருத்துவரைப் பார்த்து இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுங்கள். மருந்துக்குப் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும். அடுத்த முறை வந்தால் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். பத்து ரிப்போர்ட்டைவிட எனக்கு அது உதவும்.

கே: அம்மா சஷ்டி விரதம் இருந்தார். மத்தியானம் வியர்த்துக் கொட்டி, சம்பந்தமில்லாமல் பேசினார். பானகம் குடித்ததும் தெளிந்தார். பேசியது எதுவும் நினைவில்லை. சர்க்கரைக்கு கிளிமிப்ரைடு சாப்பிடுகிறார்.

ப: பானகமே பதில் சொல்லிவிட்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததால் ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. அது 70க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். இந்த மாத்திரையின் வேகம் நேரம் கழித்தும் இருக்கும் என்பதால், தெளிந்த பிறகும் சாப்பிட வைத்து, மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். விரதம் வேண்டாமென்று நான் சொன்னால் அம்மா கேட்கமாட்டார். விரத நாளில் மாத்திரை எவ்வளவு என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைப்பதாவது நடக்கட்டும்.

கே: ராத்திரி பத்தரைக்கு அக்காவுடன் போனில் சண்டை போட்டேனாம். எனக்குத் துளிகூட நினைவில்லை. தூக்கத்துக்கு அல்பிரஸோலம் போடுகிறேன்.

ப: கூடவே ஒரு பெக்கும் உண்டா? மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. மாத்திரை தனியாகவே நினைவு பதிவதைத் தடுக்கும். ஆனால் பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கே: சமையலறைக்குள் போனதும் எதற்கு வந்தோம் என்றே மறந்துவிடுகிறது. வயது 38.

ப: எனக்கும்தான். வாசல் வரை திரும்பிப் போனால் ஞாபகம் வந்துவிடுகிறதா? அப்படியென்றால் டாக்டர் தேவையில்லை.