எலும்பில் கிருமி வந்தது வெயில் காட்டாததாலா?

கேள்வி: தக்கலை அருகே வசிக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு முன் என் 2 வயது மகன் காய்ச்சலோடு இடது காலை ஊன்ற மறுத்தான். சுளுக்கு என்று எண்ணி ஆசானிடம் (வர்ம வைத்தியரிடம்) காட்டி இரண்டு நாள் எண்ணெய் போட்டுத் தடவினோம். பிறகு மருத்துவமனையில், முழங்காலுக்குக் கீழே எலும்பில் கிருமித் தொற்று என்று கண்டறிந்து குணமாக்கினார்கள். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 நானோகிராம்தான் இருந்தது. நான் வெயில் காட்டி வளர்க்காததால்தான் இந்த நோய் வந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா, டாக்டர்?

பதில்: இல்லை, அம்மா. அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. தொற்றை உண்டாக்கியது கிருமி. பெரும்பாலும் அது நம் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவாக இருக்கும். சிறு குழந்தைகளிடம் தொண்டையில் தங்கும் கிங்கெல்லா என்ற கிருமியும் காரணமாகலாம். இவை இரத்தத்தில் கலந்து செல்லும்போது, எலும்பின் வளரும் முனையில் இரத்தக் குழாய்கள் கொண்டை ஊசி போல வளைந்து, ஓட்டம் மெதுவாக இருப்பதால், அங்கே தங்கிப் பெருகிவிடுகின்றன.

வைட்டமின் டி குறைவு மணிக்கட்டைப் புடைக்கச் செய்வதும் காலை வளைப்பதும் இதே வளரும் முனையைப் பாதித்துத்தான் என்பதால், இரண்டையும் ஒரே நோயாக எண்ணுவது இயல்பு. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லும் புரதங்களைச் சுரக்க இந்த வைட்டமின் உதவுகிறது என்பது உண்மைதான்; ஆனால் அதன் குறைவுதான் எலும்புத் தொற்றை வரவழைத்தது என்று நிறுவப்படவில்லை. கடும் தொற்றின்போது இரத்தத்தில் அதன் அளவு தற்காலிகமாகக் குறைவதும் உண்டு.

இருப்பினும் 11 என்பது குறைபாடுதான். 12-க்குக் கீழே போனால் குறைபாடு என்றும் 20-க்கு மேல் இருந்தால் போதுமானது என்றும் கொள்கிறோம். இந்த வயதில் வழக்கமாக நாளொன்றுக்கு 3000 யூனிட் வீதம் மூன்று மாதம், போதிய கால்சியத்தோடு கொடுத்து, பிறகு தினமும் 600 யூனிட் கிடைக்குமாறு பார்த்துக்கொள்கிறோம். கடைகளில் ஒரு மில்லிக்கு 400 யூனிட் கொண்ட சொட்டு மருந்தும் 800 யூனிட் கொண்டதும் கிடைப்பதால், புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே அளந்து கொடுங்கள். பெரியவர்களுக்கான 60,000 யூனிட் பொடியை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் கூடி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படும்.

ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் நம் மாவட்டத்தில் இக்குறைபாடு எப்படி வரும் என்று பலர் கேட்கிறார்கள். எண்ணெய் தேய்த்து இளவெயிலில் கிடத்தும் அந்த நேரத்தில், வைட்டமினை உருவாக்கும் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு; நிழல் நம் உயரத்தைவிடக் குறுகும் நேரத்து வெயிலே பயன் தரும். தாய்ப்பாலிலும் இது சொற்பமே. அதனால்தான் முதல் வயது முழுவதும் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறோம். சாளை மீனும் முட்டை மஞ்சள் கருவும் நல்லவைதான், ஆனால் அவை மட்டும் போதா.

எனக்கு இதைவிடக் கவலை தருவது அந்த இரண்டு நாள் தாமதம். ஆசான்களின் கைத்திறனை மதிப்பவன் நான். ஆனால் காய்ச்சலோடு கால் ஊன்றாத குழந்தையின் காலைத் தடவவே கூடாது. கைக்குழந்தையானால், துணி மாற்றக் காலைத் தூக்கும்போது அலறும்; ஒரு கால் உதைத்துக்கொண்டிருக்க, மற்றது அசையாமல் கிடக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் ஒன்றரை வயதுக்குள் கிருமி எலும்பிலிருந்து மூட்டுக்குள் எளிதில் பரவிவிடும். முதல் பத்து நாள்வரை எக்ஸ்ரே சரியாகவே தெரியலாம் என்பதால், அதை மட்டும் நம்பித் திரும்பிவிட முடியாது. இரத்தப் பரிசோதனையும் எம்ஆர்ஐ ஸ்கேனும் தேவைப்படும். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தால், இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனையிலும் அது பிடிபடாமல் போகக்கூடும்.

உங்கள் மகனுக்குத் தொற்று இருந்தது எலும்பை நீளச் செய்யும் வளர்ச்சித் தட்டின் அருகே என்பதால், குறைந்தது ஓராண்டுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அழைத்துச் சென்று இரு கால்களின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அதே இடத்தில் வலியோ வீக்கமோ காய்ச்சலோ திரும்பினால், முன்பு சிகிச்சை அளித்த மருத்துவரிடமே பழைய சீட்டுகளுடன் உடனே காட்டுங்கள்.