பயிலரங்குக்குப் போவதா, கட்டுரையை முடிப்பதா?

கேள்வி: கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பெங்களூரில் நடக்கவுள்ள பத்து நாள் பயிலரங்கு ஒன்றுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். அந்த நாள்களில் கட்டுரையை எழுதி முடிக்கலாமே என்கிறார் என் நெறியாளர். இருபது ஆண்டு அனுபவமுள்ள அவரையும் அழைக்க எண்ணுகிறேன். அவருக்கு அங்கே என்ன பயன் இருக்கும்?

பதில்: கட்டுரை பத்து நாள் தாமதமானாலும் விண்ணப்பியுங்கள். ஆய்விதழில் அச்சாகும் கட்டுரை, கடைசியில் பலித்த வழியை மட்டுமே காட்டுகிறது. அதற்கு முன் கைவிடப்பட்ட முயற்சிகளும், சற்றே பொதுமைப்படுத்தினால் பொய்த்துப்போகும் துணைத்தேற்றங்களும் (பெரிய தேற்றத்தை நிறுவ உதவும் சிறு முடிவுகள்), யாரும் எழுதிவைக்காத எதிர்க்காட்டுகளும் (ஒரு கூற்று பொய் என்று காட்டும் எடுத்துக்காட்டுகள்) கரும்பலகை முன்னும் தேநீர் வேளையிலும்தான் பேசப்படுகின்றன. பிறர் முன்பே முயன்று விட்டுவிட்ட பாதையில், அது தெரியாமல் ஆறு மாதம் நடந்து திரும்பிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் திறமைக் குறைவு ஏதுமில்லை, சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் 1944இல் தொடங்கப்பட்ட ஓபர்வோல்ஃபாக் கணித ஆய்வு நிறுவனம் இதை நன்கு உணர்ந்த இடம். அங்கே வாரம் ஒரு பொருளில் ஏறத்தாழ 50 பேர் கூடுகிறார்கள். உணவு மேசையில் யார் அருகில் யார் என்பதை, பெயர் எழுதிய, கைதுடைக்கும் துணி வைக்கும் உறைகளைக் கலைத்து வைத்தே முடிவு செய்கிறார்கள். அதனால், தான் படித்த நூலின் ஆசிரியருக்குப் பக்கத்தில் ஒரு மாணவர் அமர நேர்கிறது. புதன்கிழமைப் பிற்பகலில் உரைகளை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் நடக்கிறார்கள்; ஆய்வுப் பேச்சு அங்கும் தொடர்கிறது.

உங்கள் நெறியாளரின் தேவை வேறு. கேம்பிரிட்ஜிலிருந்து 1951இல் லாகூர் திரும்பிய இயற்பியலாளர் அப்துஸ் சலாம், 1954இல் மீண்டும் வெளியேறியதற்கு, தம் துறையைப் பற்றிப் பேச ஆளில்லாத தனிமையும் ஒரு காரணம். பிறருக்கு அந்த நிலை வரக்கூடாதென்றே, வளரும் நாடுகளின் ஆய்வாளர்கள் தாய்நாட்டில் பணியாற்றியபடியே அவ்வப்போது வந்து தங்கிச் செல்லும் திட்டத்துடன், இத்தாலியின் திரியெஸ்த் நகரில் 1964இல் ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். கற்பித்தலும் நிர்வாகமும் நிறைந்த கல்லூரியில் இருபது ஆண்டுகள் தனியே உழைத்தவருக்கு அந்தத் தனிமை புதிதாக இராது. இளையவர்கள் அச்சமின்றிக் கேட்கும் அடிப்படைக் கேள்விகள், அவர் நெடுங்காலமாக உறுதியென்று கொண்டிருந்த ஒன்றை மறுபடி பார்க்கவைக்கவும் கூடும்.

எல்லாப் பயிலரங்குகளும் இத்தகையவை அல்ல. அறிவிப்பில் உரையாளர்களைவிடச் சான்றிதழ் பெரிதாகத் தெரிந்தால் கட்டுரையையே முடியுங்கள். கணக்குகளைச் சேர்ந்து தீர்க்கும் அமர்வுகளும் ஓய்வு நேரமும் நிகழ்ச்சி நிரலில் உண்டா என்று பாருங்கள். பயணச் செலவு, தங்குமிடம் பற்றி அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

போகும்போது, நீங்கள் சிக்கி நிற்கும் இடத்தை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அரைகுறையாக இருக்கிறதே என்று அதை மறைக்காதீர்கள். உதவி கிடைக்கப்போவது அந்தப் பக்கத்துக்குத்தான். முதல் இரண்டு நாள்களுக்குள் குறைந்தது ஒருவரிடமாவது அதைக் காட்டிவிடுங்கள், ஏனெனில் அவர் யோசித்துவிட்டு மறுபடி உங்களைத் தேடி வர நாள்கள் மிச்சம் இருக்க வேண்டும்.