மாமாவின் பெட்டியும் உங்கள் போத்தலும்

கேள்வி: இங்கிலாந்தில் ஹெரஃபோர்ட்ஷயர் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் நான். கணவர் ஆங்கிலேயர். மாமா 40 வருடமாகச் சொந்தத் தோட்டத்து அப்பிளில் சைடர் போடுகிறார், அதாவது அப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது. வருடத்துக்கு 6,000 லீற்றருக்கு மேல். எல்லாம் உள்ளே பிளாஸ்டிக் பை வைத்த 20 லீற்றர் பெட்டிகளில் நான்கு பப்களுக்குப் போனது. இப்போது இரண்டு மூடியாயிற்று, ஒன்று கைமாறிவிட்டது. மொத்த வியாபாரி ஒருவர் முழுவதையும் பாதி விலைக்குக் கேட்கிறார். போத்தலில் அடைத்து நாங்களே விற்கலாம் என்றால், "சைடர் என்ன வைனா?" என்று மாமா கோபிக்கிறார். என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, வியாபாரிக்கு இப்போதைக்குத் தலையாட்ட வேண்டாம். வருடம் 7,000 லீற்றருக்குள் நிற்கும் சின்ன ஆட்களுக்கு இங்கே மதுவரி இல்லை. மாமா அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்று பழகியவர். அதனால் கூடுதலாக ஊற்றிப் பிழைக்க வழியில்லை. ஒவ்வொரு லீற்றரையும் நல்ல விலைக்கு விற்பதுதான் வழி. வியாபாரி உங்களை எதிர்த்திசையில் இழுக்கிறார்.

மூடிய பப்களுக்குப் பதிலாகப் புதுப் பப்களைத் தேடியும் அலையாதீர்கள். பல பப்கள் பெரிய கம்பனிகளின் கட்டிடத்தில் இருப்பவை. சொன்ன இடத்தில்தான் அவர்கள் சரக்கு எடுக்க வேண்டும். மாமாவின் சைடர் பிடித்திருந்தாலும் வாங்க முடியாது.

போத்தல் விஷயத்தில் நான் உங்கள் பக்கம், ஆனால் அரைவாசிதான். லண்டனில் 22 வருடம் ஓஃப்-லைசன்ஸ் கடை, அதாவது மதுவை வீட்டுக்கு வாங்கிப்போகும் கடை, வைத்திருந்தேன். ஓர் ஆவணி மாத இரவு பின்னறையில் வெடிச்சத்தம். போய்ப் பார்த்தால், சின்னப் பண்ணை ஒன்றிலிருந்து எடுத்த சைடர் போத்தல்களில் மூன்று சிதறி, கண்ணாடித்துண்டு அரிசி மூட்டையில் குத்தி நிற்கிறது. மிச்சமிருந்த சீனி போத்தலுக்குள்ளேயே புளித்திருக்கிறது. ஆகவே முதல் வருடம் நுரைக்கு ஆசைப்படாதீர்கள். மிச்சமுள்ள சீனியைக் காட்டும் ஹைட்ரோமீற்றர் அளவு பல வாரம் அசையாமல் நின்ற தொட்டியை மட்டும் அடையுங்கள். 500 போத்தல் போதும். மற்றதை 3 லீற்றர் பெட்டியில் விடுங்கள். வீட்டுக்காரர் வாங்கும் அளவு அது, தபாலில் உடையவும் உடையாது.

லேபிளில் "பாரம்பரிய சைடர்" என்று மட்டும் போட்டவற்றைச் சனம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்ததைத்தான் நான் கண்டேன். எந்த அப்பிள் என்று எழுதுங்கள். டாபினெட் என்றால் துவர்ப்பு, ஃபொக்ஸ்வெல்ப் என்றால் பல் கூசும் புளிப்பு. கடைச் சைடரின் இனிப்புக்குப் பழகிய நாக்கு முதல் மிடறில் முகம் சுளிக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தத் துவர்ப்பையே கேட்டு வருவார்கள். சீஸோடு குடிக்கச் சொல்லுங்கள், அந்த ஊர்ச் சீஸாகவே இருக்கட்டும்.

சரி, இனி மாமா விஷயம். அவரிடம் "இனிப் பெட்டி வேண்டாம்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பழைய 20 லீற்றர் பெட்டி, மிஞ்சிய பப்புக்குப் போகட்டும். சனிக்கிழமைகளில் களஞ்சியக் கதவைத் திறந்து அவரை உட்கார வையுங்கள். அயலவர் தங்கள் ஜாடியைக் கொண்டுவந்து நிரப்பட்டும், அது அவருக்குத் தெரிந்த பழைய முறைதான். போத்தலை நீங்கள் பக்கத்து மேசையில் வையுங்கள். மரத்தைப் பற்றி அவர் சொல்லும் கதையைக் கேட்டவர் வெறுங்கையோடு போகமாட்டார். இதை மட்டும் அவருக்குச் சொல்லாதீர்கள்.

ஒழுங்காக விற்க கவுன்சிலில் இடத்துக்கான லைசன்ஸ் வேண்டும். வீட்டில் ஒருவர் ஒருநாள் வகுப்புக்குப் போய்த் தனிநபர் லைசன்ஸும் எடுக்க வேண்டும். இணையத்தில் விற்றாலும், சரக்குக் கிளம்பும் இடத்துக்கு இதே லைசன்ஸ்தான். அதில் காசைப் போடுமுன் ஒரே ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். ஜனவரியில், நம் பட்டிப் பொங்கலை ஒட்டி, அங்கே அப்பிள் மரங்களுக்கு வசைல் பாடுவார்களே, வேரில் சைடர் ஊற்றி, கிளையில் பாண் துண்டு தொங்கவிட்டு? அதை உங்கள் தோட்டத்தில் வையுங்கள். 499 பேர் வரையான கூட்டத்தில் லைசன்ஸ் இல்லாமல் மது விற்கக் கவுன்சிலுக்குக் கொடுக்கும் தற்காலிக நோட்டீஸ் 21 பவுண்தான். ஆனால் 10 முழு வேலைநாள் முன்பே கவுன்சில் கையில் இருக்கவேண்டும், கிறிஸ்மஸ் விடுமுறை கணக்கில் வராது. டிசம்பர் முதல் வாரமே அனுப்பிவிடுங்கள்.