கணித இயற்பியல்: சந்தேகங்களைக் கேளுங்கள்

கேள்வி: அண்ணா, வெப்பச் சமன்பாட்டை (பொருளில் சூடு எப்படிப் பரவுகிறது என்பதன் சமன்பாடு) இடம், நேரம் என்று மாறிகளைப் பிரித்துத் தீர்க்கும் படிகள் மனப்பாடம். ஆனால் விடை ஏன் முடிவில்லாத தொடராக வருகிறது? (எம்.எஸ்சி. முதலாண்டு)

பதில்: படிகளை ஓரமாக வைத்துவிட்டுக் கம்பியைப் பாருங்கள் தம்பி. 1 மீட்டர் செப்புக் கம்பி, பக்கவாட்டில் வெப்பம் கசியாது, இரு முனைகளும் பனிக்கட்டியில். தொடக்கத்தில் சூடு எப்படி வேண்டுமானாலும் பரவியிருக்கலாம். ஒரே ஒரு சைன் வளைவால் அதைக் காட்ட முடியாது. அதனால் பல சைன்களைக் கூட்டுகிறோம். சுவாரசியம் அடுத்ததில்தான். இரண்டாவது சைன் முதலாவதைவிட 4 மடங்கு வேகமாகத் தேயும், மூன்றாவது 9 மடங்கு. செம்பில் முதல் சைன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையச் சுமார் 15 நிமிடம். மூன்றாவதற்கு 2 நிமிடம்கூட ஆகாது. அதாவது கால் மணி நேரம் கழித்துத் தொடரின் முதல் உறுப்பை, அதாவது முதல் சைனை மட்டும் எழுதினாலே பெரும்பாலும் போதும்! இப்படிச் சைன்களைக் கூட்டும் வழியைக் கணித அறிஞர் ஃபூரியர் 1807-இல் முன்வைத்தபோது, இன்னொரு கணித அறிஞரான லக்ராஞ்சே ஏற்கவில்லை. நூலாக வெளிவந்தது 1822-இல். உங்களுக்குக் குழப்பம் வருவதில் என்ன ஆச்சரியம்?

கேள்வி: லெஜாந்தர், பெஸல் சார்புகள் எல்லாம் மனப்பாடம் செய்யணுமா சார்?

பதில்: வேண்டாம். கணக்கில் கோளம் வந்தால் லெஜாந்தர், உருளை வந்தால் பெஸல். முதல் மூன்று லெஜாந்தர் பல்லுறுப்புக் கோவைகள் மட்டும் கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: நெட் தேர்வுக்குப் படிக்கிறேன். கலப்பெண் தொகையீட்டில் பாதையைக் கலப்பெண் தளத்தின் மேல் பாதியில் மூடுவதா, கீழ்ப் பாதியில் மூடுவதா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

பதில்: தொகையீட்டில் வரும் e-யின் அடுக்குக்குறியில் 'ஐ கே எக்ஸ்' இருக்கிறதல்லவா, அதில் எக்ஸுக்குக் கற்பனைப் பகுதி கொடுத்துப் பாருங்கள். கே நேர் எண் என்றால் மேலே போகப் போக மதிப்பு செத்துவிடும், அங்கே மூடுங்கள். எதிர் எண் என்றால் கீழே. அப்போது வலஞ்சுழியாகச் சுற்றுவதால் ஒரு கழித்தல் குறி சேரும். அதை மறந்துதான் பலர் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். அப்புறம், முடிந்ததும் கே-க்குப் பூஜ்யம் போட்டுப் பாருங்கள். சாதாரணத் தொகையீட்டின் விடையே வர வேண்டும்.

கேள்வி: ஊசலில் சைன் கோணத்துக்குப் பதில் கோணத்தையே போடுகிறோமே, எதுவரை தாங்கும்?

பதில்: 30 பாகை வீச்சில் உண்மையான அலைவு நேரம் அந்தத் தோராயம் தருவதைவிடச் சுமார் 1.7 சதவீதம்தான் கூடுதல். 60-இல் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆய்வகத்தில் 10 பாகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிராக் டெல்டாவுக்கு (ஒரே புள்ளியில் குவிந்த சார்பு) அலகு உண்டா?

பதில்: உண்டு. தொகையிட்டால் வெறும் 1 வர வேண்டும். எக்ஸ் மீட்டரில் இருந்தால் டெல்டாவின் அலகு மீட்டரின் தலைகீழ். முப்பரிமாணத்தில் கன மீட்டரின் தலைகீழ். மின்னூட்டத்தால் பெருக்குங்கள், மின்னூட்ட அடர்த்தியின் அலகு தானாக வந்துவிடும்.