பாடநூலின் ஓரங்களில்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

தத்துவத்தில் முனைவர் பட்டம் முடிக்கப்போகிறேன். அடுத்து கல்லூரி வேலைதான். ஆனால் தத்துவப் பேராசிரியர்கள் பெரும்பாலும் பிறர் நூல்களுக்கு விளக்கம் சொல்லியே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். அந்த வேலையில் இருந்துகொண்டு சொந்தமாகச் சிந்திக்க முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட்டும் அந்த வேலையைத்தான் பார்த்தார். ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும்படி அவர் நடை போன கதையை விடுங்கள், அது அலுத்துவிட்டது.

1755ல் அவருக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த அனுமதி கிடைத்தது. சம்பளம் கிடையாது, மாணவர்கள் தரும் கட்டணம்தான். அதனால் தர்க்கம், மீபொருளியல் (இருப்பின் அடிப்படைகளை ஆராயும் மெட்டாஃபிசிக்ஸ்), கணிதம், புவியியல் என எல்லாவற்றையும் நடத்தினார். நடுவில் கவிதைப் பேராசிரியர் பதவி தேடி வந்தது, மறுத்துவிட்டார். (நல்லவேளை!) அவர் விரும்பிய பதவி 1770ல், 46 வயதை நெருங்கும்போதுதான் வந்தது.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். பிரஷ்ய அரசு பேராசிரியர்கள் ஒரு பாடநூலை வைத்தே வகுப்பெடுக்க வேண்டும் என்றது. புவியியலுக்கு மட்டும் காண்ட்டுக்கு விலக்கு. மீபொருளியலுக்கு அவர் எடுத்துக்கொண்டது பௌம்கார்ட்டன் என்ற ஜெர்மன் தத்துவவாதியின் நூல். பல பத்தாண்டுகள் அதே நூல்தான். அந்த நூல் நின்ற அடித்தளத்தையே 1781ல் தன் 'தூய அறிவின் விமர்சன'த்தில் தகர்த்த பிறகும் வகுப்பில் அதையே நடத்தினார். அவருடைய பிரதியின் ஓரங்களிலும் வரிகளுக்கு இடையிலும் பொடி எழுத்தில் குறிப்புகள்: மறுப்பு, சந்தேகம், மாற்று வரையறை. பின்னாளில் அவை அவருடைய தொகைநூல்களில் அச்சேறின. பிறர் நூலோடு வருடாவருடம் சண்டை போட்டே தன் கேள்விகளைக் கூர்தீட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஒப்புக்கொள்ள முடியாத நூலை நடத்துவது ஒருவகையில் அதிர்ஷ்டம்.

ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும். 1772ல் மார்கஸ் ஹெர்ஸ் என்ற தன் முன்னாள் மாணவருக்கு, பின்னாளில் 'விமர்சன'மாக வந்த நூலின் முதல் பகுதி மூன்று மாதத்தில் வந்துவிடும் என்று எழுதினார். ஒன்பது வருடம் ஆனது.

சரி, எங்கே தொடங்குவது? 'விமர்சன'த்தில் வேண்டாம், மூச்சு முட்டும். அதன் கருத்துகளைச் சுருக்கமாக விளக்க 1783ல் எழுதிய 'புரோலெகோமெனா' சிறியது. இது மாணவர்களுக்கல்ல, வருங்கால ஆசிரியர்களுக்கு என்றுதான் தொடங்குகிறார். அவர்களும் இதை வைத்துப் பாடம் நடத்துவதற்கல்ல, மீபொருளியல் என்ற அறிவுத்துறையையே தாங்களாகக் கண்டடைவதற்கு என்கிறார்.