ரேஷன் அரிசி இருக்கிற வீட்டுக்கு வேறென்ன கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

உணவு வங்கி, சத்துணவு, மிஞ்சிய சாப்பாடு பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து, பீடி சுற்றும் பெண்களின் வீடுகளுக்கு மாதம் ஒருமுறை மளிகைப் பை கொடுக்கலாம் என்று இருக்கிறோம். கேட்டால் எல்லாரும் அரிசிதான் தருகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மகள், அங்கே ‘ஃபுட் பேண்ட்ரி’களில் பொருளோடு சமையலும் சொல்லித் தருகிறார்கள் என்கிறாள். நம் ஊருக்கு அது சரிப்படுமா? பையில் என்ன வைப்பது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: நிச்சயம் சரிப்படும். அங்கே 1967-இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வேன் ஹெங்கல் என்பவர் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். வங்கி என்பது பெரிய கிடங்கு. அங்கிருந்து பொருள் வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கிற சின்ன இடம்தான் பேண்ட்ரி. நீங்கள் செய்யப்போவது இந்த இரண்டாவது வேலை. ஆனால் அங்கே வைப்பதை அப்படியே இங்கே வைத்தால் பிரயோசனமில்லை. நம் வீடுகளில் எது ஏற்கெனவே இருக்கிறது, எது இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்த வீடுகளில் சோறு இருக்கிறது, சோற்றோடு சேர வேண்டியதுதான் இல்லை. ரேஷனில் வருகிற 1 கிலோ பருப்பை நாலு பேர் உள்ள வீட்டில் 30 நாளைக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 8 கிராம், ஒரு மேசைக்கரண்டிகூட வராது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குப் பருப்பு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து 85 கிராம் வேண்டும் என்கிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம் மொத்தமும் சேர்த்து 250 கிராம் போதும். காய்கறி, கீரை 400 கிராம். நம் வீட்டுத் தட்டில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. அதன்மேல் இன்னும் பத்து கிலோ அரிசியைக் கொட்டினால் வயிறு நிறையும், ரத்தசோகை அப்படியேதான் இருக்கும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை.

ஆகவே நாலு பேர் வீட்டுக்கு மாதப் பை இப்படி இருக்கட்டும்: பச்சைப்பயறு 1 கிலோ, காராமணி அல்லது கொண்டைக்கடலை 1 கிலோ, தோலோடு வேர்க்கடலை ஒன்றரை கிலோ (உரித்தால் ஏறக்குறைய 1 கிலோ தேறும்), கேழ்வரகு 2 கிலோ, கடலை எண்ணெய் அரை லிட்டர், அயோடின் உப்பு 1 கிலோ, முட்டை 30. முட்டையை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். வெயில் காலத்தில் குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இரண்டாவது வாரத்திலிருந்தே கெடத் தொடங்கும். வாரம் ஏழு, எட்டு என்று பிரியுங்கள். முட்டை கொடுக்கிற அன்றைக்கே கீரைக் கட்டும் கொடுக்கலாம். உழவர் சந்தை கலையும் நேரத்தில் போனால் தண்டுக்கீரை, சிறுகீரை மலிவாகக் கிடைக்கும்.

இந்தப் பையாலும் பருப்பு வகை ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குத்தான் ஏறும். 85-க்கு இன்னும் தூரம் இருக்கிறது, ஆனாலும் இருந்ததைப் போல மூன்று மடங்கு. அந்த வித்தியாசம் வளரும் பிள்ளைக்குப் பெரியது.

இன்னொன்று: எல்லாருக்கும் ஒரே பை கட்டாதீர்கள். பயறா, கடலையா, காராமணியா என்பதை வாங்குகிறவர்களே எடுத்துக்கொள்ளட்டும். வீட்டில் யாரும் தொடாத கொண்டைக்கடலை கடைசியில் பெட்டிக்கடைக்குத்தான் போகும். அரிசி தருகிறேன் என்பவரிடம், “அதே பணத்துக்குப் பயறாகக் கொடுங்கள்” என்று மாத ஆரம்பத்திலேயே பட்டியலை நீட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஊட்டச்சத்து விளக்கக் கூட்டம் நடத்தினோம். பெண்கள் வந்தார்கள், தலையாட்டினார்கள், கைதட்டினார்கள். மறுநாள் அதே சமையல்தான். எப்படிச் சொன்னால் எடுபடும்?
– சுய உதவிக் குழுத் தலைவி, அணைக்கட்டு

பதில்: சொல்வதைக் குறைத்து அடுப்பைப் பற்ற வையுங்கள். “புரதம் சேருங்கள், இரும்புச்சத்து முக்கியம்” என்பதை வீட்டுக்குப் போய் வாணலியில் போட முடியாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாடம், அரைமணி நேரம், அந்த மாதப் பையில் இருக்கிற பொருள், அவர்கள் வீட்டில் இருக்கிற பாத்திரம். இதற்கு மேல் வேண்டாம்.

முருங்கைக்கீரைப் பொரியலை எடுத்துக்கொள்வோம். கீரை எங்கே இல்லை? ஆனால் செய்முறையில் பாதிச் சத்து போய்விடுகிறது. உருவிய இலையை முதலில் அலச வேண்டும், நறுக்குவதாக இருந்தால் அதற்குப் பிறகுதான். நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. நாலு பேருக்கு நன்றாக அள்ளிய நாலு கைப்பிடி இலை. தாளித்து, கால் டம்ளர் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, தணலில் ஐந்தாறு நிமிடம். வறுத்துப் பொடித்த வேர்க்கடலை மூன்று மேசைக்கரண்டி தூவி இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்தபின் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் அழியும். அந்த வைட்டமின்தான் கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள உதவுகிறது. பக்கத்திலேயே ஒரு டம்ளர் டீயை வைத்துச் சொல்லுங்கள்: சாப்பிட்டவுடன் இதைக் குடித்தால் அந்த இரும்பில் நல்ல பங்கு உடம்பில் சேராது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். பீடி சுற்றும் இடங்களில் வேலையைத் தள்ளிக்கொண்டு போக டீதான் துணை. அதை விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நேரத்தை மாற்றச் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்த முறை முளைகட்டிய பயறு. இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் நீரை ஒட்ட வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்ட வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் கொழகொழவென்று ஆகி நாற்றம் எடுத்தது என்று பலர் ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள். காரணம் துணியின் அடியில் தேங்கிய தண்ணீர். ஓட்டை போட்ட பாத்திரத்தில் நிழலில் வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அலசினால் சரியாகிவிடும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சையாகக் கொடுக்காதீர்கள், ஆவியில் வேகவைத்தே கொடுங்கள்.

எண்ணெய்க்குக் கரண்டி அளவு காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு 27 கிராம், அதாவது தேக்கரண்டியால் ஆறு. உப்பு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள்.

மருமகளை மட்டும் அழைக்காதீர்கள். வீட்டில் அடுப்பும் சாமான் கணக்கும் மாமியார் கையில் இருந்தால் அவர் வராத கூட்டத்தால் பயனில்லை. கூட்டத்தை ரேஷன் வாங்கும் நாளில் வைக்க வேண்டாம். யாருக்கும் பொறுமை இருக்காது. அடுத்த மாதக் கூட்டத்தில் “போன தடவை சொன்னதைச் செய்தீர்களா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். “செய்ததில் எது சரியாக வரவில்லை?” என்று கேளுங்கள். உண்மை வெளியே வரும்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சாப்பாட்டை வாங்கிப் பேருந்து நிலையம் பக்கம் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறோம். ஒருமுறை சிலருக்கு வாந்தி வந்துவிட்டது. சாதம் கெட்ட வாடை எதுவும் அடிக்கவில்லை. எப்படி?
– வாசகர், காட்பாடி

பதில்: வாடையை நம்பக் கூடாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் உண்டு. சோறு வேகும்போதும் அவை சாவதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். நிறமோ மணமோ மாறாது. திரும்பச் சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு அழியாது. ‘சூடாத்தானே கொடுத்தோம்’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

சூடான உணவு 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும். ஒரு சமையல் வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. அதற்குக் கீழே இறங்கினால் 2 மணி நேரத்துக்குள் வயிற்றுக்குப் போய்விட வேண்டும். ஆகவே மண்டபத்துக்குப் போனதும் கேட்க வேண்டியது ‘எவ்வளவு மிச்சம்’ என்பதல்ல, ‘எத்தனை மணிக்கு வடித்தது’ என்பதுதான். காலை பதினோரு மணிக்கு வடித்து மூடி, மாலை நாலு மணிக்குத் தருகிற சாதத்தை வாங்காதீர்கள். தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம், பால் சேர்ந்த இனிப்பு, இலையில் பரிமாறித் திரும்பிய எதுவும் வேண்டாம். சாம்பார், ரசம், கூட்டு இவற்றைக் கொதிக்க வைத்து மூடிய பாத்திரத்தில் எடுத்துப் போகலாம். ஆழமான அண்டாவில் வைத்த சோறு நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதால், சின்னச் சின்ன ஹாட் பாக்ஸ்களில் பிரித்து எடுங்கள்.

மிஞ்சிய உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் தனி விதிமுறை வெளியிட்டது. தொடர்ந்து செய்கிறவர்கள் பதிவு செய்தாக வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு நோட்டில் தேதி, எங்கே வாங்கியது, என்ன உணவு, வடித்த நேரம், கொடுத்த நேரம் எழுதி வையுங்கள். ஏதாவது ஆனால் எதனால் ஆனது என்று தேட அந்த நோட்டு ஒன்றுதான் வழி.

கேள்வி: ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது, தண்ணீரில் மிதக்கிறது என்று எல்லாரும் பொறுக்கி எறிகிறார்கள். உண்மையா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: இல்லை. அது செறிவூட்டிய அரிசிமணி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, அரிசி வடிவத்திலேயே அச்சில் பிழிந்து எடுப்பது. 100 அரிசிக்கு 1 என்ற கணக்கில் கலக்கிறார்கள். நிறம் சற்று வேறாக இருக்கும், சில மணிகள் மிதக்கவும் செய்யும். பொறுக்கி எறிந்தால் சத்து முழுக்கக் குப்பைக்குப் போய்விடும். ஒரு மணியைத் தனியாக வேகவைத்து நசுக்கிக் காட்டுங்கள்; மாவாகக் குழையும். சந்தேகம் அதோடு தீரும். அரிசியை நாலைந்து முறை தேய்த்துக் கழுவ வேண்டாம், வடித்த கஞ்சியைக் குடிக்கவோ குழம்பில் சேர்க்கவோ செய்யுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

கேள்வி: ஒரு நன்கொடையாளர் குழந்தைகளுக்கான பால்மாவு டப்பாக்களைத் தருகிறேன் என்கிறார். பையில் சேர்க்கலாமா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: கூடாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவையும் பால்புட்டியையும் அநாதை இல்லங்கள் தவிர வேறு யாருக்கும் நன்கொடையாக வழங்க முடியாது. நியாயமான சட்டம். இலவச டப்பா தீர்வதற்குள் தாய்க்குப் பால் குறைந்துவிடும். பிறகு விலை கொடுத்து வாங்க முடியாமல் தண்ணீராகக் கரைத்துக் கொடுப்பார்கள், அதிலும் தண்ணீர் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கு. அதே பணத்தில் அந்தத் தாய்க்கு வேர்க்கடலையும் முட்டையும் பயறும் கொடுங்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகு குழந்தைக்கும், கர்ப்பிணி, பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடியில் இணை உணவு மாவு கிடைக்கும். பெயர் பதிந்திருக்கிறதா என்று விசாரித்து அழைத்துப் போவதும் உங்கள் வேலையில் ஒன்று.

கேள்வி: சர்க்கரை உள்ள பெரியவர்களுக்குக் கேழ்வரகு கொடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிறார்களே?
– வாசகர், ஆற்காடு

பதில்: தவறு. மாவாக அரைத்துக் கரைத்த கூழ் விரைவில் செரித்து ரத்தச் சர்க்கரையை ஏற்றும். கேழ்வரகின் பலம் அதன் சுண்ணாம்புச் சத்து: 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம். களியாக, ஒரு கை உருண்டை அளவோடு, காராமணிக் குழம்பும் கீரையும் நிறைய வைத்துச் சாப்பிட்டால் நல்லது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வேளை தவறிப் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென இறங்கும், அதுவும் ஆபத்து. இப்படிப்பட்டவர்களின் பையைத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: வாங்கி வைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) இரண்டு மாதத்தில் கசக்கிறது. வறுத்துக் கொடுத்துவிடலாமா?
– வாசகி, போளூர்

பதில்: வேண்டாம். உரித்த பருப்பு வெயிலில் சிக்கு வாடை எடுக்கும். ஈரம் பட்டிருந்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும், அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுக்கப் போகாது. சுருங்கியதையும் நிறம் மாறியதையும் மாட்டுக்குக்கூடப் போடாமல் அப்புறப்படுத்துங்கள். இனிமேல் தோலோடு வாங்கி, நன்றாகக் காயவைத்து, சாக்கை மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். முதலில் வந்தது முதலில் போகும்படி சாக்கில் தேதி எழுதுங்கள். மாவாக அரைத்து வைக்காமல் தானியமாகவே கொடுங்கள். கேழ்வரகு மாவில்தான் வண்டு சீக்கிரம் விழும்.

கேள்வி: தேவையுள்ள சிலர் கூச்சப்பட்டு வாங்க வருவதில்லை. என்ன செய்வது?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: வரிசை, மேடை, பேச்சு மூன்றையும் எடுத்துவிடுங்கள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்து வைத்து, வசதிப்பட்ட நேரத்தில் வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். சாதாரணக் கட்டைப் பையாக இருக்கட்டும், அமைப்பின் பெயர் அச்சிட வேண்டாம். வாங்குகிறவரைப் புகைப்படம் எடுக்கவே கூடாது. நன்கொடை தந்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால், பொருள்களின் படமும் கடை ரசீதும் அனுப்புங்கள்.