கேள்வி முடிவதற்குள் வந்த பதில்

வணக்கம் சார்,

எச்ஐவி தடுப்பு ஆய்வு ஒன்றில் கேள்வி கேட்பவராக வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் புள்ளியியல் படித்தவன். ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. முன்பின் தெரியாத ஆளிடம் யாராவது தன் படுக்கையறை விஷயத்தை உள்ளபடி சொல்வார்களா? நோய் தொற்ற வாய்ப்புள்ள பழக்கங்களை ‘இடர் நடத்தை’ என்று போடும் அட்டவணைகள் எல்லாம் பொய்களின் கூட்டுத்தொகைதானே? போதாக்குறைக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு தடுப்பு ஊசியும் வந்துவிட்டது. இனி இந்தக் கேள்விகள் எதற்கு? தெரிந்தே ஒரு தவறான பதிலை நீங்கள் பதிவு செய்தது உண்டா?

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்,
ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் எதற்கு? இந்தத் துறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது. உங்கள் சந்தேகத்துக்கு வலு சேர்க்கும் ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆண்–பெண் உறவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணையும் ஆண்கள் பக்கம் ஒரு முறையும் பெண்கள் பக்கம் ஒரு முறையும் கணக்கில் வரும். இரு பாலாரும் ஏறத்தாழ சம எண்ணிக்கையில் இருக்கும் ஊரில் இரண்டு சராசரிகளும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். ஆனால் பல நாடுகளில் எடுத்த ஆய்வுகளில் ஆண்கள் சொல்லும் சராசரி கூடுதலாகவே வருகிறது. ஆண்கள் பத்து, இருபது, ஐம்பது என்று குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள். பெண்கள் ஒவ்வொருவராக நினைவுபடுத்தி எண்ணுகிறார்கள், எண்ணும்போதே ஒன்றிரண்டை விட்டும்விடுகிறார்கள். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்கள் வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்பில் சரியாகச் சிக்குவதில்லை என்பதும் ஒரு காரணம். ஆக, வித்தியாசம் அத்தனையும் பொய்யால் வந்ததில்லை. ஒரு பகுதி பொய், ஒரு பகுதி மறதி, ஒரு பகுதி யாரிடம் போய்க் கேட்டோம் என்பது.

கேட்ட விதம் என்று இன்னொன்று இருக்கிறது. என் வேலை அதில்தான் இருந்தது.

அமெரிக்காவில் 1995இல் 15 முதல் 19 வயது வரையிலான பையன்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்குக் காகிதத்தில் கேள்விகளைக் கொடுத்து அவர்களையே நிரப்பச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு ஹெட்போனில் கேள்வி ஒலிக்கும், பதிலைக் கணினியில் தட்ட வேண்டும். இன்னொரு ஆணோடு உறவு கொண்டதுண்டா என்ற கேள்விக்குக் காகிதத்தில் ஆம் என்றவர்கள் 1.5 சதவீதம், கணினியில் 5.5 சதவீதம். இதில் காகிதக் குழுவுக்கு எதிரிலும் வாயால் கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருந்தும் பேனாவால் எழுதியது யார் கண்ணிலாவது படும் என்ற பயம் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைத் தின்றுவிட்டது.

சொற்களுக்கும் இதே கதைதான். ‘நடத்தை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிப் பழகியவர்கள் நாம். ‘அவன் நடத்தை சரியில்லை’ என்றால் அது ஆளுக்கே போடும் முத்திரை. ‘உங்கள் இடர் நடத்தை குறித்து’ என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் வக்கீல் வைத்துக்கொள்ளாத குறைதான். அந்தச் சொல்லை நான் அறிக்கையில் மட்டுமே பயன்படுத்தினேன். அதுபோல ‘ஆணுறை அணிவீர்களா? எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை’ என்று கேட்டால் கிடைப்பது அந்த மனிதர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயம். ‘கடைசியாக எப்போது? அன்றைக்கு இருந்ததா?’ என்று கேட்டால் ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. நினைவுக்கு வரும் நாளைப் பற்றி யோசிக்காமல் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

சரி, ஊசிக்கு வருவோம். அந்த ஊசி ஏன் தேவைப்பட்டது என்பதற்குள்ளேயே உங்கள் மற்றக் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

வாய்ஸ் என்று ஓர் ஆய்வு. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்கள். எச்ஐவி வராமல் தடுக்க தினமும் ஒரு மாத்திரை, அல்லது பிறப்புறுப்பில் இட ஒரு ஜெல். தவறாமல் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டபோது கிடைத்த கணக்கு சுமார் 90 சதவீதம். திருப்பிக் கொண்டுவந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்ததும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. கடைசியில், 2013இல், முடிவு வந்தது: மருந்தால் தொற்று குறையவே இல்லை. சேமித்து வைத்திருந்த ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது. குப்பியில் குறைந்த மாத்திரைகள் வயிற்றுக்குப் போகவில்லை.

இந்த இடத்தில் உங்களைப் போல ‘பார்த்தீர்களா, எல்லாம் பொய்’ என்று மூட்டை கட்டியிருக்கலாம். அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அந்தப் பெண்களில் சிலரிடம் அவர்களுடைய ரத்த முடிவையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, குற்றம் சாட்டாமல், என்ன நடந்தது என்று மறுபடி கேட்டார்கள். அப்போது பேசினார்கள். நோய் உள்ளவர்கள் விழுங்கும் அதே மாத்திரை இது, பார்த்தால் எனக்கும் இருக்கிறது என்பார்கள். துணைவன் சந்தேகப்படுவான். ஆரோக்கியமாக இருக்கும்போது எதற்கு மருந்து, பக்கவிளைவு வந்தால்? ஆய்வில் கிடைத்த இலவச மருத்துவப் பரிசோதனையை விடவும் மனமில்லை. அதனால் வந்துகொண்டிருந்தார்கள், சரி சரி என்று தலையாட்டினார்கள். அந்த மாத்திரை அவர்களுடைய வீட்டில் எங்கே இருக்க முடியும் என்று முதலிலேயே யாரும் யோசிக்கவில்லை.

ஒளித்துவைக்கத் தேவையில்லாத ஒன்று வேண்டும் என்ற தேடலுக்கு இது ஒரு பெரிய உந்துதல். 2024இல் வெளியான பர்பஸ் 1 ஆய்வில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை லெனகாபவிர் ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அதே ஆய்வில் பழைய தினசரி மாத்திரை பெற்ற 1,068 பேரில் 16 பேருக்கு வந்தது. மாத்திரை பெற்றவர்களிலும் பெரும்பாலோர் அதைத் தொடர்ந்து விழுங்கவில்லை. ஊசி அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது ஊசிக்கு யார் வருவார், யார் வரமாட்டார், ஏன் என்பதை மருந்து சொல்லாது. யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கடைசிக் கேள்வி. உண்டு.

ஒருவர், நாற்பது வயதிருக்கும். ஆணுறை பற்றிய கேள்வியை நான் முடிப்பதற்குள் “எப்போதும்” என்றார். அது எங்கள் படிவத்தின் பழைய வடிவம், நான் மேலே குறைசொன்ன அதே மூன்று கட்டங்கள். டிக் போட்டேன். மீதிக் கேள்விகளும் அதே வேகத்தில் முடிந்தன. படிவத்தை மூடி, பேனாவுக்கு மூடி போட்டேன். அவர் எழுந்து கதவு வரை போனார். கைப்பிடியைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல், “முந்தாநாள் ராத்திரி மட்டும் இல்ல சார். அதனால ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றார்.

முந்தாநாள் ராத்திரி. வைரஸ் உடலில் வேர்பிடிப்பதற்கு முன் தடுக்க மருந்து உண்டு. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மனதுக்குள் மணிக்கணக்குப் போட்டேன். நேரம் மிச்சமிருந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னேன். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினார். படிவத்தில் இருந்த எந்தக் கேள்விக்கும் அவ்வளவு பேசவில்லை. அன்று மாலையே மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

படிவம் மட்டும் மேசையில் அப்படியே கிடந்தது. கையெழுத்தான படிவத்தைத் திருத்தக் கூடாது என்பது விதி; ஓரத்தில் ஒரு குறிப்பு எழுத அனுமதி உண்டு. அவர் கதவருகே சொன்னதை நான் எழுதவில்லை. அவர் அதைப் படிவத்துக்குச் சொல்லவில்லை என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அது சரியா என்று தெரியவில்லை. உங்கள் அட்டவணையில் அவர் ‘எப்போதும்’ என்ற கட்டத்தில்தான் இருக்கிறார்.

அன்புடன்.